தவசிப் பூனையும் கட்டியங்காரனும்

மாமல்லபுரத்துக் கடற்கரையிலே ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களின் கடைசியிலே மேடை எழுகிறது. விளக்குகள் ஒளிர்கின்றன, சலங்கைகள் ஒலிக்கின்றன! பரதமும் கதகளியும், குச்சுப்புடியும் ஒடிசியும் மாலைக்கு மாலை மாறி மாறி வருகின்றன. நம் நாட்டுப்புறத்துக் கலைகளும் ஊடே தலைகாட்டுகின்றன. சனவரியிலும் தொடரும் இந்த நாட்டிய விழாவை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலாத் துறை. கடல் கடந்து வந்தோரும் கண்கொட்டாமல் காண்கின்றனர். அணுபுரத்திலே இருந்துகொண்டு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கோ, கல்பாக்கம் சென்று பேருந்து மாறினால் எட்டிவிடும் தொலைவு. சென்றோம், கண்டோம், மகிழ்ந்தோம். மகிழ்ந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லையேல், பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு, 'இந்தக் கூட்டத்தாருக்குக் கலை என்றாலே கசப்பு' என்று கதை கட்டுவோர் கிளம்பிவிடுவர்!

நாயகி ஏங்கினாள். கண்ணன் குழலூதினான். அரக்கன் மாண்டான். வியந்தனர் மக்கள், கைதட்டினர். ஆனால் அந்த மாலை முழுவதிலும் வாய்விட்டுச் சிரித்த ஒருவரை நாம் காணவில்லை. விழா நடத்துவோரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை, தோழர்களே! கலை என்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு பார்ப்பது என்று நமக்கே பழகிப்போய்விட்டது. தொல்காப்பியரோ மெய்ப்பாடு எட்டனுள் நகைக்குத்தான் முதலிடம் தந்தார். அந்த நகை பிறக்கும் இடங்களிலும் எள்ளலையே முதலில் வைத்தார்.

அன்று நம்முடன் வந்திருந்தார் ஒருவர். நம் வகுப்பிலே பயிலும் மாணவன் ஒருவனின் தந்தை. பகலிலே கொத்து வேலை. திருவிழாக் காலத்திலே இரவெல்லாம் தெருக்கூத்து. கட்டியங்காரன் வேடம் கட்டுபவர். கூத்தைக் காணாத நகரத்துத் தோழர்களுக்காக ஒரு சொல்: அரசன் வருகிறான் என்று கட்டியம் கூறுபவனும் அவனே, வந்த அரசனை, 'நீ யார்? எதற்கு இங்கே வந்தாய்?' என்று மடக்குபவனும் அவனே. துரியோதனனாக இருந்தாலும் அவனிடம் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்! ஊர்ப் பெரிய மனிதர் முதல் விலைவாசி வரை அவன் நாவுக்குத் தப்பியது எதுவுமில்லை.

விழா தொடங்குமுன் அவரை அர்ச்சுனன் தபசு என்னும் பெரும்பாறையின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினோம். தவம் செய்பவன் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர், வாதிடட்டும். மேலே, எலும்பும் நரம்புமாக ஒற்றைக் காலிலே நிற்கிறான் தவசி, கைகளைத் தலைக்குமேல் தூக்கி. கீழே, யானையின் பக்கத்திலே ஒரு பூனை! அதுவும் பின்னங்காலிலே நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, அதே தவக்கோலத்திலே நிற்கிறது. சுற்றிலும் எலிகள். பூனையார் துறவு பூண்டுவிட்டார் என்று நம்பி வந்த பக்தகோடிகள்!

கூத்துக்காரர் பார்த்தார்; பார்த்த மாத்திரத்திலே சிரித்துவிட்டார். "சார், இவன் நம்ம ஆளு சார்! மேலே ராஜா வேசம் தவசு பண்ணுது, கீழே நான் அதுக்குப் பழிப்புக் காட்டிக்கிட்டு நிக்கிறேன், பாருங்க" என்றார்.

பட்டம் பெற்றவர்கள் நாம்! அந்தப் பூனையைப் பற்றிப் புத்தகங்களிலே படித்தவர்கள்! அது கட்டியங்காரன் என்பதை அவரன்றோ நமக்குக் காட்டினார்!

போலித் துறவைக் கல்லிலே கேலி செய்த பல்லவர் குடியிலேதான், அதைச் சொல்லிலே கேலி செய்தவனும் இருந்தான். காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுதிய மத்தவிலாசம் முழுக்க முழுக்க நகைச்சுவை நாடகம். வடமொழியிலும் பிராகிருதத்திலும் எழுதினான். தமிழிலே எழுதியிருக்கலாகாதா என்ற ஆதங்கம் நமக்கு உண்டு. கதை என்ன? கள் மயக்கத்திலே தன் கபால ஓட்டைத் தொலைத்துவிடுகிறான் ஒரு காபாலிகன். திருடியவன் பௌத்தத் துறவியே என்று பிடித்து இழுக்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவனாக வருகிறான். மூன்று மதத்தார் மூண்டெழுந்து வழக்காட, ஓட்டைத் தூக்கிச் சென்றதோ நாய்! அதனிடமிருந்து பறித்துக் கொண்டுவந்து சேர்ப்பவனோ ஊரார் பித்தன் என்று ஒதுக்கியவன்! அரியணையில் அமர்ந்திருந்தவன் எழுதியது இது, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்!

அந்த நாடகம் எங்கே போயிற்று? கேரளத்திலே சாக்கியார்கள் அதைக் கைவிடாது காத்தனர், நன்றி கூறுவோம். ஆனால் எப்படிக் காத்தனர் தெரியுமா? கோயிலிலே, பிள்ளை வரம் வேண்டுவோர் செலுத்தும் வழிபாடாக! துறவிகளின் கோலத்தை எள்ளி நகையாடிய நாடகத்தை நேர்த்திக்கடனாக்கிவிட்டனர்! மகேந்திரன் கண்டிருந்தால் இன்னொரு நாடகம் எழுதியிருப்பான்.

சிரிப்பைச் சடங்காக்குவது ஒரு வழி. சட்டத்தால் தடுப்பது மற்றொரு வழி. எம்.ஆர்.ராதா மேடையேறினால் மண்டபம் அதிரும். கூடவே ஆட்சியாளர் நெஞ்சமும் அதிரும். 1954இலே சென்னை மாகாணத்திலே நாடகச் சட்டம் ஒன்று வந்தது. ஆட்சேபத்துக்குரியது என்று அரசு கருதினால் நாடகத்தைத் தடுக்கலாம், எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கலாம். ராதாவின் நாடகங்களை மனத்திலே வைத்தே வந்த சட்டம் என்பது நாடறிந்த பேச்சு. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கிலே, 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. ஏறத்தாழ அறுபதாண்டு! ராதா 1979இலேயே மறைந்துவிட்டார்.

வேறு நாட்டிலே வேறு கதை. 1947இலே, போர் முடிந்த களைப்பிலே, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலே பெரிய கலைவிழா ஒன்று தொடங்கினர். அழைப்புப் பெறாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்தன. கிடைத்த கூடங்களிலே நடித்தன. அந்த 'விளிம்பு விழா'தான் இன்று உலகின் மிகப் பெரிய கலைவிழா. ஆகஸ்டுதோறும் அங்கே மிகுதியாக நடப்பது நகைச்சுவை. தேர்வுக் குழு இல்லை. இடம் பிடித்தவர் மேடையேறலாம். அங்கும் அறை வாடகை ஏறிவிட்டது, ஏழைக் கலைஞனுக்கு இடமில்லை என்ற குமுறல் கேட்கிறது. ஆகவே அதனைப் பொன்னுலகம் என்று நாம் பாடவில்லை. அழைக்கப்படாதவன் வந்து நின்றான், விழாவே அவனுடையதாயிற்று என்பதைத்தான் சொல்கிறோம்.

நம் நாட்டிலே அழைக்கப்படாதவனுக்கு வைத்த பெயர் 'கூத்தாடி'! வசைச்சொல்! அந்த மாணவன் பள்ளிப் படிவத்திலே தந்தையின் தொழில் என்ற இடத்திலே 'கொத்தனார்' என்று மட்டும் எழுதியிருந்தான். சதிரைப் பரதநாட்டியம் என்று அழைத்து, சங்கீத சபையிலே உட்காரவைத்துப் பெருமை பாராட்டக் கற்றுக்கொண்டோமே, ஒரு பதின்மூன்று வயதுப் பையன் 'என் தந்தை கட்டியங்காரன்' என்று எழுதும் நாளை ஏன் இன்னும் உண்டாக்கவில்லை?

திரும்பும் பேருந்திலே அவரிடம் கேட்டோம்: "ஐயா, இந்த மேடையிலே உங்களுக்கு ஒரு மணி நேரம் தந்தால் ஆடுவீர்களா?"

"ஒரு மணி நேரமா? நான் வாயைத் திறக்கவே அது பத்தாதே, சார்!" என்றார்.

பங்குனியிலே பக்கத்துச் சிற்றூரிலே அர்ச்சுனன் தபசுக் கூத்தாம். அர்ச்சுனன் வேடமிட்டவர் நட்ட மரத்தின் உச்சிவரை பாடிக்கொண்டே ஏறுவார்; மேலிருந்து எலுமிச்சம்பழம் எறிவார். ஈரச் சேலையுடன் கீழே காத்திருப்பார்கள் பெண்கள். இங்கேயும் அதே பிள்ளை வரம்! நாம் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார். "அப்போ நான் கீழே நின்னு என்ன கேப்பேன் தெரியுமா? மரம் ஏறினா வரம் கிடைக்கும்னா, பனையேறிக்கு இதுக்குள்ள எத்தனை வரம் கிடைச்சிருக்கணும்னு கேப்பேன். சனம் சிரிக்கும் சார். பழம் பிடிக்க நிக்கிற பொம்பளைங்களே சிரிப்பாங்க."

மாணவரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: விடியும்வரை இருக்கவேண்டும். பாதியிலே எழுந்து போகும் வாத்தியாரைக் கட்டியங்காரன் பெயர் சொல்லிக் கூப்பிடுவானாம், ஊர் முன்னே!