அருவியில் தடையா? அழ வேண்டாம் குட்டீஸ்!

தோளில் துண்டு, பையில் மாற்றுத்துணி, இடுப்பில் கைக்குழந்தை. சீசனில் குற்றாலம் பேரருவிக்கு இப்படி ஆசையாக வரும் குடும்பங்கள், சில நாட்களில் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க மட்டுமே முடியும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை.

"அப்பா, ஒரே ஒரு தடவைப்பா!" என்று பிள்ளை அழும். மனம் இளகக் கூடாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. மலைமேல் பெய்யும் மழை கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது.

அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்த சாரல் விழா இருக்கிறது. அரசு நடத்தும் இந்த விழாவில் நாட்டுப்புறக் கலைகள், மலர்க் கண்காட்சி, கொழு கொழு குழந்தைகள் போட்டி எல்லாம் உண்டு. தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

அடுத்து சித்திர சபை. நடராசரின் ஐந்து சபைகளில் இங்குதான் அவர் ஓவியமாக ஆடுகிறார். சுவர் நிறையப் புராணக் காட்சிகள். பாட்டிக்குக் கதை சொல்ல வேறென்ன வேண்டும்?

சுமார் 5 கி.மீ. தொலைவில் தென்காசி. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாசலில் தென்றல் ஆளையே தள்ளும். வாண்டுகள் அங்கேயே ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கிவிடும்.

அருவி எங்கும் போய்விடாது. வெள்ளம் குறைந்து தடை நீங்கியதும் ஆசைதீர நனையலாம்.