தேய்ந்த இடது செருப்பு

பங்குனி இரண்டாம் ஞாயிறு எங்கள் வலங்கைமானில் பாடைக்காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் குடமுருட்டியில் முழுகி, பிணம்போலப் பாடையில் படுப்பார்கள். தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலை வலம் வருவோம். சித்தப்பாவின் பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். பாதியில் வலது பிட்டத்துக்கு மேலே சுருக்கென்றது. அந்தக் காலை முழுசாக ஊன்ற முடியவில்லை. பக்கத்துத் தோள்காரர் கத்தினார்: "ஏம்ப்பா, கனம் பூரா எம்மேல வருது!"

அதற்குள் எனக்கு இடுப்பு வலி வந்து நாலு வருஷம். ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அந்தப் படத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தேன். நடந்து காட்டச் சொன்ன மருத்துவரிடம்கூட, "படத்தைப் பாருங்க சார்" என்று சிடுசிடுத்தேன். நொண்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. "என்னங்க, இடது செருப்பு மட்டும் தேயுது?" என்று மனைவி கேட்டபோது செருப்புக் கடைக்காரரைத் திட்டினேன்.

கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கும் பெண் படத்தை ஓரம் வைத்துவிட்டு என் செருப்பைக் கவிழ்த்துப் பார்த்தார். "வலிக்கிற இடத்தை ஒரே விரலால காட்டுங்க ஐயா." முதுகுக்குக் கீழே, பிட்டத்தின் மேல் குழியைத் தொட்டேன். காலை மடக்கியும் அழுத்தியும் ஐந்தாறு சோதனை செய்தார். மூன்றிலாவது அதே வலி கிளம்பினால்தான் அந்த இடத்து மூட்டைச் சந்தேகிக்கலாமாம். எனக்கு நாலில் கிளம்பியது. மல்லாந்து காலைத் தூக்கினால் ஈயமாகக் கனத்தது. இடுப்பை இருபுறமும் அவர் அமுக்கிப் பிடித்ததும் சுலபமாக எழும்பியது.

முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு அது. அசைவது சில டிகிரிதான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் மேலுடம்பின் பாரம் அதன் வழியாகத்தான் ஊன்றிய காலுக்கு இறங்குகிறது. வலிக்குப் பயந்து அந்தக் காலைச் சட்டென்று எடுத்துவிடுகிறோம். நாளடைவில் பிட்டத் தசை சோர்கிறது, எதிர்ப்புற இடுப்பு சரிகிறது, குறுக்கு வளைந்து ஈடுகட்டுகிறது. பாடையில் நான் பக்கத்துக்காரருக்குச் செய்ததைத்தான் என் குறுக்குக்கும் செய்துவந்திருக்கிறேன்.

நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு வலி பிறக்கும் இடம் இதுதான் என்கிறார்கள். 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள் டிஸ்க் பிதுங்கலைப் பற்றி எழுதியபின் எல்லார் கண்ணும் டிஸ்க் பக்கம் போய்விட்டது. வலியே இல்லாதவர்களுக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிட்டத் தசைக்குப் பயிற்சி, சுமை தூக்கும்போது இடுப்புப் பட்டை, எட்டி வைக்காத சின்ன அடிகள். எட்டு மாதத்தில் வரப்பில் நடக்க முடிகிறது. புதுச் செருப்பையும் அவ்வப்போது கவிழ்த்துப் பார்க்கிறேன். இடதுதான் இன்னமும் ஒரு நூல் கூடுதலாகத் தேய்கிறது. இப்போது அதை மனைவியிடம் நானே காட்டுகிறேன்.