மழைக்குக் காத்திருந்த பந்தயக் கார்கள்

அத்திபெலேயில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மோட்டார் வாகனம் புதுமையன்று. ஊரையொட்டி ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரவு பகல் ஓய்வறியாதது. நம் இளைஞர் பலர் நாள்தோறும் எல்லை கடந்து ஓசூர் சென்று, வாகனத் தொழிற்சாலைகளில் உழைத்து மீள்கின்றனர். ஆகவே, சென்னை மாநகரின் வீதிகளிலேயே இரவில் கார்ப் பந்தயம் நடைபெறும் என்ற செய்தி கிட்டியபோது எங்கள் தெருவில் எழுந்த ஆர்வத்தைச் சொல்லவும் வேண்டுமோ! நான்கு குடும்பத்தார் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, 2024 ஆகஸ்ட் 31-ஆம் நாள் விடியுமுன் புறப்பட்டோம்.

சென்னைக்கும் கார்ப் பந்தயத்திற்கும் உள்ள உறவு பழையது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், நகருக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தனிப் பாதையொன்றை அமைத்து, 1990-இல் திறந்தது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை பெற்ற நரேன் கார்த்திகேயன், தம் தொடக்க காலத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டிப் பழகியவரே.

நாங்கள் காணச் சென்றதோ தனிப் பாதையில் அன்று. தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோமீட்டர் நகரச் சாலையில் நடப்பது. இந்திய நகர வீதியில் இரவில் நடக்கும் கார்ப் பந்தயம் இதுவே முதலாவது. 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. மிக்ஜாம் புயலும் வெள்ளமும் அதனைத் தள்ளிவைத்தன. மழை அத்துடன் விட்டதா? நாங்கள் சென்ற அன்றும் வந்து நின்றது!

சாலை நனைந்தது. உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் பாதையைச் சோதித்துச் சான்றளித்தாலன்றி ஒரு காரும் ஓடலாகாது. சோதனையோ மழையால் தாமதமாயிற்று. பிற்பகலில் தொடங்கவேண்டிய ஓட்டங்கள் நின்றன. ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தோம். பிள்ளைகள் பொறுமை இழந்தனர்.

எங்களுடன் வந்த டயர்க் கடை அன்பர் அவர்களுக்குக் காரணத்தை விளக்கினார். உலர்ந்த சாலைக்கான பந்தயக் கார் டயரில் பள்ளங்களே இரா, வழவழவென்றிருக்கும். உலர்ந்த தரையை அது முழுப் பரப்பாலும் பற்றிக்கொள்ளும். மழையிலோ, நீர் வெளியேற வழியின்றி டயருக்கும் சாலைக்கும் இடையே மெல்லிய படலமாக நிற்கும். வேகம் மிகுந்தால் கார் அப்படலத்தின் மீது மிதக்கும். பிரேக்கும் பயன்படாது, ஸ்டியரிங்கும் பயன்படாது. ஆதலின் மழை பெய்தால் பள்ளம் வெட்டிய வேறு டயர்களை மாட்டுவர். "நம்மூரில் மொட்டை டயர் என்கிறோமே, மழையில் அதுவும் இந்த வழவழப்பு டயரைப் போலத்தான்" என்றார் அவர்.

அருகிலிருந்த அம்மையார் ஒருவர் அதுவரை பேசாதிருந்தார். "இவ்வளவு பெரிய பந்தயக்காரர்களே மழைக்குப் பயந்து நிற்கிறார்களே!" என்று மட்டும் சொன்னார். எங்களில் எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. அவருடைய மூத்த மகன், 19 வயதுப் பிள்ளை, ஒரு மழையிரவில் ஓசூரில் வேலை முடிந்து பைக்கில் திரும்புகையில் லாரியொன்றை முந்த முயன்று சறுக்கி விழுந்தான். வீடு வந்து சேரவில்லை. அவன் வண்டியின் பின்டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அன்று எங்களுடன் பந்தயம் காண வந்திருந்தவன் அவன் தம்பி.

இரவில்தான் சான்று கிடைத்தது. அதன்பின் கார்கள் பயிற்சியாக ஓடின. பந்தயங்கள் மறுநாள் ஞாயிறன்று நடைபெற்றன. உறவினர் இல்லத்தில் தங்கியிருந்து அவற்றையும் கண்டு களித்தோம். விளக்கொளியில் கார்கள் சீறிப் பாய்ந்த காட்சி கண்ணைவிட்டு அகலாது. ஆயினும், ஓடிய கார்களைவிட ஓடாது நின்ற கார்களே எங்களுக்கு மிகுதியும் கற்பித்தன. வேகத்தையே தொழிலாகக் கொண்டவர் மழை கண்டு நிற்கின்றனர். பத்து நிமிடம் முன்னதாக வீடு சேர விரும்பும் நம் பிள்ளைகள் நிற்பதில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே அந்தத் தம்பி தன் வண்டிக்குப் புது டயர் மாட்டினான். பெற்றோர்க்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு அவற்றின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால், டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது எனக் கொள்க. முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கும்; அப்போது சற்றே ஒதுங்கி நிற்பது கோழைத்தனமன்று. ஊதியம் தேடி ஊர்விட்டு வந்தோம். தேடிய பொருளினும் பிள்ளைகள் நலமாய் வீடு திரும்புவதே பெரிது.