நாலரை மணி யாருடையது?

எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே நாலரை மணிக்கு எழுந்தவர்கள்தாம். பாட்டி எழுந்து வாசல் தெளித்தாள். அம்மா குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தாள். நான் குக்கர் வைக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு பெண் ஏன் விழித்திருக்கிறாள் என்று எந்தத் தலைமுறையிலும் யாரும் கேட்டதில்லை. அதே நாலரை மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு வெளியே கிளம்பியபோதுதான் முதல்முறையாகக் கேள்வி வந்தது: "இந்த இருட்டுல எங்க போற?"

21.1 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை பயிற்சி எடுத்தோம். அந்த ஐந்து மாதங்களும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியே கழிந்தன என்று இப்போது தோன்றுகிறது.

நாங்கள் நான்கு பேர். நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன், வயது 41. பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவுக்கு 52, வங்கி ஊழியர். அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்ப்பவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். நான்காவது ஆள் 26 வயதுப் பெண். மகளிர் விடுதியில் தங்கிக் கணினி நிறுவனத்துக்குப் போய்வருபவள். அவளுக்கு எங்களிடையே பெயர் சின்னவள். நால்வரில் அவள் ஒருத்திதான் பள்ளி நாட்களில் ஓடியவள். மற்ற மூவரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி.

முதல் மூன்று வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்தோம். வாரத்தில் மூன்று நாள் சிறிய ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஒரு வாரத் தூரம் முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. நான்காவது வாரம் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு தர வேண்டும். வேகத்துக்கு ஒரே ஒரு அளவுகோல்: மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது சரியான வேகம். அந்த விதியை நாங்கள் ஒரு நாளும் மீறவில்லை. ஓடியதைவிடப் பேசியதுதான் அதிகம்.

மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆரம்பத்தில் அவ்வளவு தூரத்தை நினைக்கவே பயமாக இருந்ததால் சிலைகளை வைத்துக் கணக்குப் போட்டோம். காந்தி சிலையிலிருந்து கண்ணகி சிலை வரை நிற்காமல் ஓடிய நாளை அக்கா தன் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார். கண்ணகி அங்கே 1968இல் வந்தவள். 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுத்தப்பட்டாள். அவளுக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது டீச்சர் சொன்னார்: "புருஷனுக்காகத் தெருவுக்கு வந்தா சிலை வைக்கிறாங்க. நமக்கு அப்படி ஒரு காரணமும் இல்லையே!"

சிரித்தோம். ஆனால் அதில் விஷயம் இருந்தது. அந்த நேரத்துத் தெருவில் பெண்கள் இல்லாமல் இல்லை. தூய்மைப் பணியாளர்கள் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். குப்பத்துப் பெண்கள் மீன் எடுக்கக் கூடைகளோடு ஷேர் ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போவார்கள். இட்லிக் கடைப் பெண் அடுப்பு மூட்டியிருப்பார். வேலைக்காக வெளியே வந்த பெண்ணைத் தெரு ஒன்றும் கேட்பதில்லை. அவர்களுக்கு அங்கே பாதுகாப்பு இருக்கிறது என்பதல்ல இதன் பொருள். அவர்கள் அங்கே இருப்பதற்குக் காரணம் கேட்கப்படுவதில்லை, அவ்வளவுதான். பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பல நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எதுக்கும்மா ஓடுறீங்க?"

"சும்மாதாங்க."

"சும்மாவா?" என்று துடைப்பத்தை ஊன்றி நின்று யோசித்தார். "நான் நடக்கிற தூரத்தையும் அளந்து சொல்லேன் ஒரு நாள்." சின்னவள் தன் கைக்கடிகாரத்தை ஒரு காலைப்பொழுது அவர் கையில் கட்டிவிட்டாள். வேலை முடிந்து அவர் திருப்பிக் கொடுத்தபோது அது ஒன்பது கிலோமீட்டர் காட்டியது. அதற்கு யாரும் பதக்கம் தருவதில்லை என்பதை நாங்கள் நால்வரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

ரோந்து வண்டியிலிருந்து ஒருவர் அக்கறையோடு சொன்னார்: "ஏம்மா இந்த நேரத்துல வர்றீங்க? வெளிச்சம் வந்ததும் ஓடுங்களேன்." அக்கா நின்று பதில் சொன்னார்: "வெளிச்சம் வந்தா வீட்ல வேலை இருக்கு சார்." இரண்டு பேர் பைக்கில் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்த காலையும் உண்டு. நால்வரும் நின்று, வண்டி எண்ணைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்ததும் போய்விட்டார்கள். தனியாக இருந்திருந்தால் எங்களில் யாரும் மறுநாள் வந்திருக்க மாட்டோம்.

சின்னவளின் பிரச்சினை விடுதி வாசலிலேயே தொடங்கியது. கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கும். முன்னதாகப் போக வேண்டுமானால் அப்பாவிடமிருந்து கடிதம் வேண்டும். வருமான வரி கட்டுகிற பெண்ணிடம் அப்பாவின் கடிதம்! 2015இல் டெல்லி மாணவிகள் விடுதி நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 'பிஞ்ரா தோட்', அதாவது கூண்டை உடை என்ற பெயரில் இயக்கம் நடத்தியதை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள். கடிதம் வாங்க அவள் மறுத்துவிட்டாள். சனிக்கிழமை இரவுகளில் அக்கா வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் விடுதி மாடிப்படியில் ஏறி இறங்கினாள்.

ஓடத் தொடங்கிய பிறகுதான் உடம்பைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். கண்ணகி சிலையைத் தாண்டுவதற்குள் டீச்சருக்கு மூச்சு முட்டும். "வயசாகுது இல்ல" என்பார். அவருக்கு 38. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்று தெரியவந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டோருக்கு இருப்பதால்தான் அது நோயாகத் தெரியாமல் பெண்களின் இயல்புபோலத் தெரிகிறது. படியேறினால் படபடப்பு, மதியம் தலைசுற்றல், எப்போதும் அசதி. டீச்சர் மருத்துவர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் நடந்து மட்டும் எங்களோடு வந்தார். ஜனவரியில் 11.8.

அக்கா எப்போதும் கறுப்பு பேன்ட்தான் போடுவார். ஓடும் நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார். சென்னைப் புழுக்கத்தில் அது ஆபத்து என்று நான் விடாமல் சொன்னபோது ஒரு நாள் நின்றுவிட்டார். "ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஓடினா, தும்மினா, கசியுதுடி." 24 வருடமாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை. டீச்சர் உடனே, "எனக்கும்தான்" என்றார். பிரசவம் இடுப்படித் தசைகளைத் தளர்த்தும் என்பதும், முறையான பயிற்சியால் பலருக்கும் அது தேறும் என்பதும் எங்களுக்கு ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் தெரிந்தது. கடற்கரையில் அந்த நேரத்தில் திறந்திருக்கும் கழிப்பறையைத் தேடுவது தனிக் கதை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்கள் எல்லோருக்கும் சிறுவயதிலேயே பழகிவிட்ட தந்திரம்.

நீண்ட தூரம் பெண்ணுக்கு ஆகாது என்பது நம் வீடுகளின் கருத்து மட்டுமல்ல. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் அவர்கள் களைத்து விழுந்ததாகப் பத்திரிகைகள் பெரிதாக எழுத, அந்தப் போட்டி 1960 வரை பெண்களுக்கு மறுக்கப்பட்டது. 1967இல் பாஸ்டன் மாரத்தானில் 261ஆம் எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, ஓடும்போதே பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார் ஓர் அதிகாரி. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984இல்தான். நான் அப்போது பிறந்துவிட்டேன். இன்னொரு பக்கம், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து, பாலினப் பரிசோதனையைக் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. ஓட முடியாது என்று சொல்லப் பெண் என்பது காரணம். வேகமாக ஓடிவிட்டாலோ பெண்தானா என்ற சந்தேகம். எங்களைப் போல மெதுவாக ஓடுகிறவர்களை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் சாந்தியின் பெயர் எங்கள் பேச்சில் எப்படியோ வந்துவிடும்.

ஏழாவது வாரம் எல்லாமே நின்றுவிடும் போலிருந்தது. டீச்சருக்குத் தலைசுற்றல், அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே வலி, எனக்கு அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தூக்கம். பிசியோதெரபிஸ்ட் கேட்டார்: "எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?" ஓடப் போவதற்கு முன்பே சமைத்து வைத்துவிட வேண்டும் என்று நானும் அக்காவும் மூன்றேகாலுக்கு எழுந்துகொண்டிருந்தோம். வீடு எங்களுக்கு ஒரு நிமிடமும் தரவில்லை. எங்கள் தூக்கத்திலிருந்துதான் அந்த நேரம் வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டாமல் கிளம்புவது என்று முடிவெடுத்தோம். என் வீட்டில் முதல் ஞாயிறு ஓட்டலில் வாங்கினார்கள். இரண்டாவது ஞாயிறு என் கணவர் தோசை ஊற்றினார். "என் பையன் அடுப்படியில நிக்கிறான்" என்று மாமியார் ஊருக்குப் போன் போட்டார். ஆறாவது ஞாயிறு கடுகு டப்பா எங்கே என்று யாரும் எனக்குப் போன் செய்யவில்லை.

அக்கா வீட்டில் நடந்தது வேறு. மூன்றாவது ஞாயிறு திரும்பிப் போனபோது, கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் அண்ணனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா அடுத்த இரண்டு வாரம் ஓட வரவில்லை. "என் பொண்ணு தூக்கத்த எடுத்துக்கிட்டு நான் ஓட மாட்டேன்" என்றார். பந்தயத்துக்கு இரண்டரை மாதம் இருந்தது. எங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பெண் விட்ட வேலையை இன்னொரு பெண் எடுத்துக்கொண்டால் எந்தக் கணக்கும் மாறவில்லை. பிறகு அக்கா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்: ஞாயிறு காலை அம்மாவும் சமைக்க மாட்டாள், மகளும் சமைக்க மாட்டாள். அவர் கணவர் பத்து நாள் பேசவில்லை. மகன் இரண்டு வாரம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு உப்புமா கிளறக் கற்றுக்கொண்டான். அக்கா திரும்பி வந்த ஞாயிறு 12 கிலோமீட்டர். முடிக்கும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்கியதால் அல்ல.

பந்தயத்துக்கான படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். நால்வரும் மாற்றி மாற்றி எங்கள் பெயர்களையே எழுதினோம். எண் அட்டை கொடுத்த பையன், "நீங்க எல்லாரும் ஓடுறீங்களே, யாருக்கு மேடம் போன் பண்றது?" என்று கேட்டான். அக்கா தன் மகளின் எண்ணைக் கொடுத்தார்.

அன்று காலை சாலையில் வாகனம் இல்லை. விளக்குகள் எரிந்தன. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர், உப்புக் கரைசல், கழிப்பறை. இருட்டில் பெண்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் சின்னவள் எங்கள் வேகத்துக்காகக் காலைக் கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்த அக்கா, "நீ போடி" என்றார். அவள் தயங்கினாள். "இன்னிக்கு ரோடு நல்லாயிருக்கு, போ." அவள் போனாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவள் தனியாக ஓடினாள். நாங்கள் சேர்ந்து ஓடியது நட்பினால் மட்டுமல்ல, வேறு வழி இல்லாததாலும்தான் என்பது அவள் முதுகு கண்ணிலிருந்து மறைந்தபோது புரிந்தது. தெரு அப்படி இருந்தால் ஒரு பெண்ணுக்குத் துணை தேவையில்லை.

மீதி மூவரும் 181 நிமிடத்தில் முடித்தோம். பதினேழாவது கிலோமீட்டரில் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. டீச்சர் பிடித்துவிட்டார். 181 என்ற எண்ணை நான் கணக்குக்காரியாக இன்னொரு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். வித்தியாசம் 202 நிமிடம். ஒவ்வொரு நாளும் ஒரு அரை மாரத்தான் ஓடி, பதக்கம் வாங்கி, ஆற அமர ஒரு காபியும் குடிக்கலாம்.

பந்தயம் முடிந்தும் ஓடுகிறோம். சின்னவள் விடுதி மாறிவிட்டாள். அக்காவின் மகள் சில ஞாயிறுகளில் வருகிறாள், பல ஞாயிறுகளில் நன்றாகத் தூங்குகிறாள். டீச்சர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் விளையாட்டுப் பீரியடை எப்போதும் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்களாம். அதைத் திருப்பிக் கேட்டு டீச்சர் தலைமையாசிரியரிடம் போனார். "ஏன், ஏதாவது போட்டி வருதா?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

"இல்ல மேடம். பிள்ளைங்க சும்மா ஓடட்டும்."

வாரத்துக்கு ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. இன்னொன்றுக்கும் டீச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.