பழகாத தொட்டி

அப்பா அந்தக் கண்ணாடித் தொட்டியைக் கடைசி ரயிலில்தான் கொண்டுவந்தார். 1998, பிரான்ஸ் உலகக் கிண்ணத்தை வென்ற வருசத்து ஒக்ரோபர் மாதம். அவர் கோப்பை கழுவிய றெஸ்ரோரண்டில் மீன் வளர்ப்பதை விட்டுவிட்டார்கள். குப்பையோடு வைக்கப்போன தொட்டியை முதலாளியிடம் கேட்டு வாங்கி, தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அதைச் சுற்றி, பரிஸ் கார் து நோர் நிலையத்திலிருந்து எங்கள் ஊர் கூசேன்வில் வரை மடியிலே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இரவு ஒன்றரை மணி. கதவு திறந்த சத்தத்துக்கு எழும்பிப் போனேன். அவருடைய விரல்கள் விறைத்துப்போய் மடங்கமாட்டாமல் நின்றன. "உனக்குத்தான்" என்றார். எனக்கு ஒன்பது வயது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனோம். சேன் நதிக்கரையில், பொன் நெஃப் பாலத்துக்குப் பக்கத்தில், கே து லா மெஜிசெரி என்றொரு தெரு. விதைக்கடைகளும் குருவி, முயல், மீன் விற்கிற கடைகளும் அப்போது வரிசையாக நின்றன. நான்கு தங்கமீன்களைப் பொலித்தீன் பையில் தண்ணீரும் காற்றுமாகக் கட்டித் தந்தார்கள். அங்கிருந்து தமிழ்க்கடைகள் உள்ள லாச்சப்பலுக்குப் போய் அம்மா சொல்லிவிட்ட முருங்கைக்காயும் பச்சைமிளகாயும் வாங்கினோம். போபூர் சன்தெனித் தெருவில் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று கதைத்தார்கள். நான் பையைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். குளிரில் மீன் செத்துப்போகும் என்ற பயம். ரயிலில் சன்தெனி, கார்ஜ்-சார்செல், வில்லியே-லெ-பெல் என்று ஒவ்வொரு நிலையமும் கடக்கும்போது சட்டையைத் திறந்து எண்ணினேன். நான்கு. நான்கு. நான்கு.

குளிரல்ல, எங்கள் வீட்டுச் சுத்தம்தான் அவற்றைக் கொல்லப்போகிறது என்று அன்றைக்கு ஆருக்குத் தெரியும்?

அம்மா தொட்டியையும் கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் ஜாவெல் என்கிற வெளுப்புநீர் விட்டுத் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, ஏழு தரம் அலசியிருந்தார். புதுத்தண்ணீர் பளிங்குபோல் நின்றது. மீனை விட்டதும் நாங்கள் மூன்றுபேரும் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்கு நாள் எல்லாம் நல்லபடி போனது. ஐந்தாம் நாள் காலையில் நான்கும் மேலே வந்து, தண்ணீரின் விளிம்பில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குது போல. வாயைத் திறந்து கேக்குதுகள், பாருங்கோ" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு அவர் செய்ததை இன்றைக்கும் என்னால் குற்றமாகச் சொல்ல முடியாது. வாய் திறந்து நிற்கிற உயிருக்குச் சாப்பாடு கொடுப்பதைவிட வேறெதை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்? கடையில் வாங்கிய மீன்தீனியைக் கிள்ளிப் போட்டார். போதாதென்று இரண்டு சோற்றுப் பருக்கையை நசித்துப் போட்டார். நான் பள்ளிக்கூடம் போகமுன் ஒரு தரம், வந்தபின் ஒரு தரம். அவை தின்னவில்லை. தீனி ஊறி, வெள்ளைப் பஞ்சாகக் கற்களுக்கிடையில் இறங்கியது.

எட்டாம் நாள் ஒரு மீன் பக்கவாட்டில் மிதந்தது. கன்னத்துக்குள்ளே செவுள் இரத்தமாகச் சிவந்திருந்தது. அம்மா அதைக் குப்பையில் போட விடவில்லை. கடதாசியில் சுற்றிக் கட்டடத்துக்குக் கீழே மரத்தடியில் புதைத்தோம். பிறகு மேலே வந்து, "ஊத்தைத் தண்ணிக்குள்ள இருந்தா வருத்தம் வராமல் என்ன செய்யும்" என்று முழுத்தண்ணீரையும் இறைத்து ஊற்றி, பஞ்சை மறுபடி ஜாவெலில் ஊறவைத்தார். இரண்டு நாள் மீன்கள் தெளிந்து ஓடின. ஒரு கிழமைக்குள் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. இரண்டாவதும் போனது. நான் அழுத அழுகையைக் கேட்டுத்தான் கீழ்வீட்டு முசியே படியேறி வந்திருக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற மனிதர். நிலவறையில் வரிசையாகத் தொட்டிகள் வைத்திருந்தவர் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து கனநேரம் பார்த்தார். மேலே விமானம் ஒன்று தாழப் போனது. எங்கள் ஊர் ஷார்ல் து கோல் விமான நிலையத்துக்குப் பக்கம், அது நாளாந்தம் கேட்கிற சத்தம்தான். ஆனாலும் அம்மாவின் தோள்கள் ஒரு கணம் உயர்ந்து இறங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் அது. அன்றைக்கு நான் கண்டது, முசியேயின் தலையும் அதே கணத்தில் மேலே நிமிர்ந்ததை. 1973 ஜூன் 3 ஆம் திகதி, லெ பூர்ஜே வான்காட்சிக்கு வந்த சோவியத் துப்பொலெவ்-144 விமானம் இந்தக் கூசேன்வில் மேல்தான் விழுந்தது. விமானத்தில் 6 பேர், தரையில் 8 பேர் இறந்தார்கள். பதினைந்து வீடுகள் அழிந்தன. அவர் அன்றைக்கு இங்கேதான் இருந்திருக்கிறார். அம்மாவும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதைப்பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, அவர்களுக்குப் பொதுவான பாஷையும் இல்லை.

முசியே கீழே போய்ச் சின்னப் பெட்டி ஒன்றோடு வந்தார். கண்ணாடிக் குழாயில் 5 மில்லிலீற்றர் தொட்டித்தண்ணீர். ஒரு போத்தலிலிருந்து சில துளி, குலுக்கல், இன்னொரு போத்தலிலிருந்து சில துளி. பிறகு காத்திருக்கச் சொன்னார். தண்ணீர் முதலில் தேசிக்காய்ச்சாற்று மஞ்சளாக இருந்தது. மெல்ல மெல்லப் பச்சை ஏறி, கடைசியில் வாழையிலையின் முதுகுநிறத்துக்கு வந்து நின்றது. நிற அட்டையைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். மஞ்சள் என்றால் பூச்சியம். எங்களுடையது லீற்றருக்கு 3 மில்லிகிராம் என்ற கட்டத்தோடு ஒத்தது.

"அமோனியாக்" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். ஒன்பது வயதுப் பிள்ளை பிரெஃபெக்சரில் விசாக் கடுதாசி மொழிபெயர்த்துப் பழகியிருந்ததால் அமோனியாவும் வந்தது. மீன் மூச்சுவிடுகிற செவுளாலேயே அமோனியாவைத் தண்ணீருக்குள் விடுகிறது. அழுகிய தீனியிலிருந்தும் அது வருகிறது. அது கூடும்போது செவுள் எரிந்து, மீன் மூச்சுக்கு மேலே வந்து வாயைத் திறக்கிறது. பசியில்லை, மதாம், மூச்சுத்திணறல். அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

இன்னொரு துளி போட்டு அவர் பே-ஆஷ் (pH) பார்த்தார். 8. எங்கள் குழாய்த்தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளை ஓடு கட்டுகிற தண்ணீர். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் நஞ்சு. பே-ஆஷ் 7 இலிருந்து 8 க்கு ஏறினால் நச்சு வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். அதே 3 மில்லிகிராம் மென்னீரில் மீனை வருத்தும். எங்கள் தண்ணீரில் அது மீனைக் கொன்றது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் அம்மாவுக்குப் பெரிய அதிர்ச்சி. பஞ்சைக் கழுவாதீர்கள். அமோனியாவைத் தின்று நைத்திரைற்றாக்கும் பக்ரீரியாக்கள் உண்டு, நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும் வேறு சில உண்டு. அவை கல்லிலும் பஞ்சிலும் குடியேற வாரக்கணக்கில் எடுக்கும். நீங்கள் ஒவ்வொரு கிழமையும் ஜாவெல் ஊற்றிக் குடியைக் கிளப்புகிறீர்கள்.

நான் தட்டுத்தடுமாறிச் சொன்னதை அம்மா கனநேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "புது மண்சட்டி பழக்கிற மாதிரியோ?"

பிரெஞ்சில் இதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை வருசத்தில் எந்தப் புத்தகமும் இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லவில்லை. புதுச்சட்டியில் எடுத்தவுடன் குழம்பு வைக்க மாட்டார்கள். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றிவைத்து, கஞ்சி காய்ச்சி, நாட்கணக்கில் பழக்குவார்கள். நாங்கள் பழகாத தொட்டியில் நான்கு உயிரை விட்டுவிட்டோம்.

பரிசில் 1877 இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதையேதான் கண்டார்கள் என்று பிறகு படித்தேன். மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். ஏறக்குறைய 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அமோனியா குறைந்து நைத்திரேற்று வந்தது. குளோரோபோம் ஆவியை விட்டார்கள், எல்லாம் நின்றது. வளமான மண்ணைக் கரைத்த கலங்கல் நீரைக் கொஞ்சம் ஊற்றினார்கள், மறுபடி தொடங்கியது. உயிருள்ள ஏதோ ஒன்று அதைச் செய்கிறது என்று முடிவுக்கு வந்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர்களுடைய கலங்கல் நீர்தான் முசியே அன்றைக்கு எங்களுக்குக் கொண்டுவந்து தந்தது.

அவர் தன் தொட்டியின் வடிகட்டியிலிருந்து, மண்ணிறச் சளி வழுக்குகிற ஒரு பஞ்சுத்துண்டை வெட்டிக் கொண்டுவந்தார். ஊத்தை சொட்டச் சொட்ட. அம்மா மூக்கைச் சுளித்தார், தடுக்கவில்லை. அதை எங்கள் வெள்ளைப் பஞ்சுக்குப் பக்கத்தில் செருகினார். மூன்று நாள் தீனி இல்லை. ஒவ்வொரு நாளும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றவேண்டும். முந்திய இரவே வாளியில் பிடித்துவைத்த தண்ணீர், குளோரின் போவதற்காக.

தீனி போடாத அந்த மூன்று நாளும் அம்மா பட்ட பாடு பெரிது. சமைத்துக்கொண்டிருப்பார், இடையில் வந்து நிற்பார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். திரும்பிப் போவார். இரவு அப்பா வேலையால் வந்து சாப்பிடும்போது, "நாங்கள் சாப்பிடுறதை அதுகள் பார்க்குதுகள்" என்று தொட்டிக்கு முன்னால் துவாய் ஒன்றைத் தொங்கவிட்டார்.

பின்னேரங்களில் முசியே வருவார். குழாய், துளி, காத்திருப்பு. ஒரு கிழமையில் வாழையிலைப் பச்சை இளந்தளிர்ப் பச்சையானது. அமோனியா இறங்க நைத்திரைற்று ஏறியது, அதுவும் நஞ்சு. அதற்கு அவர் உப்பைக் கேட்டார். உப்பிலுள்ள குளோரைட்டு, செவுளுக்குள் நைத்திரைற்று நுழையாமல் தடுக்குமாம். அம்மாவின் முகம் அன்றைக்குத்தான் மலர்ந்தது. கடைசியில் தன் கையால் போடுவதற்கு ஏதோ ஒன்று! கல்லுப்பை எடுத்து, கறிக்குப் பதம் பார்க்கிற அதே கவனத்தோடு, அவர் காட்டிய அளவுக்குக் கரைத்து ஊற்றினார்.

டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் குழாயில் மஞ்சள் மாறவேயில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம், தேசிக்காய் மஞ்சள் தேசிக்காய் மஞ்சளாகவே நின்றது. நைத்திரைற்றும் பூச்சியம். மீந்த இரண்டு மீனும் அடியில் கற்களைக் கிளறிக்கொண்டு திரிந்தன. அப்பா அன்று வேலைக்குப் போகமுன், முசியேக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதற்குப் பிறகு பஞ்சை அம்மாதான் அலசுவார், மாதம் ஒரு தரம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, இரண்டு தரம் மெல்லப் பிழிவதோடு சரி. முதல் தரம் பிழிந்த மண்ணிறத் தண்ணீரைக் கழிவுத்தொட்டியில் ஊற்றப்போனவர், கை நின்று, வாளியை முகர்ந்து பார்த்தார். அதில் நாற்றம் இல்லை. மழை பெய்த மண்ணின் மணம்.

"கிணத்தடித் தண்ணி வாழைக்குத்தானே ஓடும்" என்றார்.

யன்னலோரம், வெப்பமூட்டிக்கு மேலே, லாச்சப்பலில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று நின்றது. இரண்டு பனிக்காலம் தாண்டி, இலை மஞ்சளாகி, ஈர்க்குப்போல் ஆகிவிட்டிருந்த கன்று. அம்மா வாளியைச் சரித்து, வேரடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மாசி முடியுமுன் அதன் தண்டில், நெல்லுமணி அளவில், சிவப்போடிய துளிர் ஒன்று தெரிந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், தொடவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே.