வாரன்ட்டி போச்சா... எழுதிக் கொடுங்க சார்!

வாரன்ட்டி புக்கைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சவங்க கை தூக்குங்க, பார்ப்போம்! ஒருத்தரும் இல்லையா? கவலையே படாதீங்க. அதைப் படிக்கிற நாள் எல்லோருக்கும் வரும். பெரும்பாலும் அது வண்டி நின்றுபோன நாளாக இருக்கும்!

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். வீடு கும்மிடிப்பூண்டி பக்கம். சிப்காட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகிற வண்டிகளின் ஹாரன்தான் எங்க ஏரியாவுக்கு அலாரம். அதில் ஒரு வண்டி எங்க தெரு அண்ணனுடையது. லோன் போட்டு வாங்கிய டி போர்டு கார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே.

ஒருநாள் அந்த காரின் ஸ்டீயரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. பவர் ஸ்டீயரிங் மோட்டார் அவுட். வாரன்ட்டி முடிய இன்னும் 7 மாசம் இருக்கு என்ற தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனார் அண்ணன். அங்கே இருந்தவர் ஸ்டீயரிங் பக்கமே போகவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்... "ரிவர்ஸ் கேமரா வெளியில மாட்டியிருக்கீங்க. வயரை வெட்டியிருக்காங்க. வாரன்ட்டி போச்சு சார். 42 ஆயிரம் ஆகும்!"

வண்டி ஓடவில்லை. வருமானமும் ஓடவில்லை. இ.எம்.ஐ. மட்டும் கரெக்டாக 5-ம் தேதி வந்து நின்றது. அன்று சாயங்காலம் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்ஜினீயரிங் படிக்கிறியே தம்பி... கேமராவுக்கும் ஸ்டீயரிங்குக்கும் என்னடா சம்பந்தம்?"

எந்த வைவாவிலும் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை!

வெளியில் மாட்டுகிற ரிவர்ஸ் கேமராவுக்குப் பொதுவாக ரிவர்ஸ் லைட் வயரில் இருந்துதான் கரன்ட் எடுப்பார்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் ரொம்பவே கரன்ட் இழுக்கும். அதனால் அதற்குத் தடிமனான தனி வயர், தனி ஃப்யூஸ், தனி கன்ட்ரோல் யூனிட். அதற்காக, 'கேமராவால் கெட்டுப்போக வாய்ப்பே இல்லை' என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வெட்டிய வயர் எங்கேயாவது ஷார்ட் ஆகியிருக்கலாம். ஆனால், அதை ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டுத்தானே சொல்லணும்? 'வயர் வெட்டியிருக்கு' என்பது ஒரு விஷயம். 'அந்த வெட்டால்தான் மோட்டார் போச்சு' என்பது வேறு விஷயம். நடுவில் ஒரு பாலம் வேண்டாமா பாஸ்?

'சரி, கேஸ் போடலாமே' என்றால் டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. "வாடகை வண்டிக்கெல்லாம் கன்ஸ்யூமர் கேஸ் செல்லாதுப்பா!" தப்பு. வியாபாரத்துக்காக வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது உண்மைதான். ஆனால், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விலக்கு தருகிறது. நம்ம கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கில், 1995-லேயே இதை விளக்கியது உச்ச நீதிமன்றம். ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரைத்தான் அங்கே உதாரணமாகக் காட்டினார்கள்.

"புது காரே கேளு!" என்றார் இன்னொருவர். அதுவும் நடக்காது. 2006-ல் ஒரு மாருதி கார் வழக்கில், பழுதான பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றித் தருவதுதான் வாரன்ட்டியின் கடமை என்று சொல்லி, முழு காரையே மாற்றச் சொன்ன உத்தரவை ஏற்கவில்லை உச்ச நீதிமன்றம். மோட்டார் போனால் மோட்டார் கேட்கலாம்!

எனக்குப் பிடித்தது 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்புதான். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற ஹூண்டாய் க்ரெட்டா கார். டெல்லிக்காரர் ஒருவர் 2015-ல் வாங்கினார். 2017-ல் விபத்து, முன்பக்க ஏர்பேக் விரியவில்லை. 'ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதலில் விசை இல்லை' என்றது கம்பெனி. 'வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் என்ன இயற்பியல் நிபுணரா?' என்ற அர்த்தத்தில் பதில் சொன்னது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவு நிலைத்தது. பாதுகாப்புக்கு என்று நம்பி வாங்கியதே வேலை செய்யவில்லை என்றால், கதையே வேறு!

இப்போது அண்ணன் கதைக்கு வருவோம். அவர் சத்தம் போடவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் ஒரு லெட்டர்... 'மறுத்த காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் கொடுங்கள்.' பதிலாக ஒரு போன் மட்டும் வந்தது... "பாதி விலைக்குப் போட்டுத் தர்றோம். இனிமே எந்தப் பிரச்னையும் பண்ண மாட்டேன்னு கையெழுத்துப் போடுங்க." 21 ஆயிரம் மிச்சம்! வீட்டில் அண்ணி, 'வாங்கிடுங்க' என்றார். பையனின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அண்ணன் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தார். கடன் வாங்கி முழுப் பணத்தையும் கட்டினார். பில்லில், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதினார். முக்கியமான விஷயம்... கெட்டுப்போன பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, கோணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தேவைப்பட்டால் பொருளைச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருளே கையில் இல்லை என்றால் எதைச் சோதிப்பது?

2019-ம் வருஷச் சட்டப்படி, நாம் குடியிருக்கிற ஊருக்கான ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனியின் ஹெட் ஆபீஸ் எந்த மாநிலத்தில் இருந்தாலும், அண்ணனுக்குத் திருவள்ளூர் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்னை வந்த நாளில் இருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பார்க்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.

அண்ணன் புகார் கொடுத்துவிட்டார். வாய்தா இருக்கிற நாளில் மட்டும் வண்டி சிப்காட் போகாது, திருவள்ளூர் போகும். ஜெயிப்பாரா? தெரியாது. சோதனையில் கேமரா வயர்தான் காரணம் என்று வந்தால், அதையும் ஒத்துக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறார். அவர் கேட்பது பரிசோதித்துச் சொன்ன ஒரு காரணம். அவ்வளவுதான்.

நாளைக்கு நம்மில் பல பேர் இதே மாதிரி கம்பெனிகளில் க்வாலிட்டி, சர்வீஸ் என்று உட்காரப் போகிறோம். கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நின்று 'வாரன்ட்டி போச்சு' என்று சொல்லப்போவது நாமாகவும் இருக்கலாம். அப்போது காரணத்தோடு சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ். அதுவரைக்கும் கவுன்ட்டரின் இந்தப் பக்கம்தானே நிற்கிறோம்? பைக்கோ, மொபைலோ, லேப்டாப்போ... 'வாரன்ட்டி கிடையாது' என்று யாராவது சொன்னால் டென்ஷன் ஆகாமல், சிரித்த முகத்தோடு ஒன்றே ஒன்று கேளுங்க...

"அதை அப்படியே எழுதிக் கொடுங்க சார்!"