திருப்பூரில் ஓர் இருபதடித் தெரு!

திருப்பூருக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும்... பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டு மாமி, பேப்பர் போடுகிற பையன் வரை அத்தனை பேரும் சைஸ் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ‘‘எனக்கு எண்பத்தஞ்சு, அவருக்கு நூறு... கை வச்சது ரெண்டு, வைக்காதது மூணு!’’ காசு மட்டும் யாரும் தருவதில்லை. திருப்பூரில் பனியன் ரோட்டோர மரத்தில் காய்த்துத் தொங்குகிறது என்று நினைப்பு!

ஆனால், 2024 ஐப்பசியில் நான் அவசரமாக பஸ் ஏறியது பனியனுக்காக இல்லை. அக்காவின் மாமியார் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று போன்.

பி.என். ரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார் டிரைவர்.

‘‘இதுக்கு மேல வண்டி போகாதுங்ணா.’’

‘‘அஞ்சாவது வீடுதாங்க...’’

‘‘அஞ்சாவது வீட்டுக்குப் போயிரலாமுங்க. திரும்பி வர்றது எப்படீன்னு நீங்களே சொல்லுங்க!’’

எட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான்.

முப்பத்தொரு வீடுகள் கொண்ட தெரு. அதில் பதினோரு வீடுகளில் கீழே பனியன் கம்பெனி, மேலே குடும்பம். ஒரு வீட்டில் ஓவர்லாக், அடுத்ததில் காஜா பட்டன், அதற்கடுத்ததில் செக்கிங், பேக்கிங். காலை எட்டரைக்கு மெஷின்கள் இரைய ஆரம்பித்தால், ஒன்றரை ஷிப்ட் முடிந்துதான் அந்தத் தெரு பேச்சை நிறுத்தும். துணி ரோல் ஏற்றிய குட்டி யானைகள், முன்னால் மூட்டையும் பின்னால் ஆளுமாய் டி.வி.எஸ். வண்டிகள், நடுவில் ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி... இத்தனைக்கும் தெரு இருபது அடி!

நான் பி.காம். படித்தவன். வேறு எதற்குப் பயன்பட்டதோ இல்லையோ, அன்றைக்கு அந்தத் தெருமுனையில் நின்று மனசுக்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். பத்திரப்படி தெருவின் அகலம் இருபது அடி. இதில் வண்டி ஏற்ற வாசலுக்கு வாசல் போட்டிருக்கும் ராம்ப்பு, பக்கத்துக்கு மூன்றடி வீதம் ஆறடி கழித்தால் மீதி பதினாலு. ஒரு ஓரமாக நிற்கும் காருக்கு ஆறடி கழித்தால் எட்டு. ஒரு குட்டி யானை வந்தால் அதற்கு ஐந்து. கடைசி இருப்பு மூன்றடி. அந்த மூன்றடியில்தான் முப்பத்தொரு குடும்பத்தின் பாட்டி, பேரன், பால்காரர், மாடு எல்லோரும் நடக்க வேண்டும். அந்த மூன்றடியும் சமதரையில்லை. பாதி தார், பாதி பள்ளம், நடுவே உடைந்த சாக்கடை சிலாப்பு!

எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் இந்தக் கம்பெனி திவால் என்றுதான் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் அத்தை என்னைப் பார்த்ததும், ‘‘வா கண்ணு... சாப்டியா?’’ என்றார். இடுப்பில் பிளேட் வைத்துப் படுத்திருக்கிறவர் கேட்கிற கேள்வியா இது! கொங்குநாட்டு மனசு அப்படி.

நடந்ததை அக்கா தனியாகச் சொன்னாள். ராத்திரி ஏழு மணி. மழைத் தூறல். அத்தை கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். பின்னால் குட்டி யானை ஹாரன். ஒதுங்குவதற்காகப் பக்கத்திலிருந்த ராம்ப்பில் கால் வைத்திருக்கிறார். வழவழவென்று டைல்ஸ் ஒட்டிய ராம்ப்பு. ஈரம். அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்துவிட்டது. தெருமுனை வரைக்கும்! உள்ளே வர முடியவில்லை. வழியில் நின்ற காரின் சொந்தக்காரர் சினிமாவுக்குப் போயிருந்தார். செக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் ஓடி வந்து, கட்டிங் டேபிளின் பலகையைக் கழற்றி, அதில் அத்தையைப் படுக்க வைத்து, மழையில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

‘‘யார் வீட்டு ராம்ப்புக்கா அது? சும்மா விடக்கூடாது!’’ என்று பொங்கினேன்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: ‘‘நம்ம வீட்டுதுதான்டா.’’

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

*

இந்த மாதிரித் தெருக்கள் திருப்பூரில் எப்படி முளைத்தன என்பது தனிக்கதை. 1925 வாக்கில் பனியன் நெய்ய ஆரம்பித்த ஊர் இது. 1970-களின் கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் எட்டிப் பார்த்தது. 80-களிலும் 90-களிலும் ஊர் ஊதிப் பெருத்தது. மதுரை, தேனி, தஞ்சாவூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். இப்போது பீகாரும் ஒடிசாவும் வந்திருக்கின்றன. 1917-ல் நகராட்சியான ஊர், 2008-ல் மாநகராட்சி, 2009-ல் மாவட்டத் தலைநகரம்!

ஜனங்கள் வந்தால் வீடு வேண்டுமே? நேற்று வரை சோளம் விளைந்த தோட்டத்தில் கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு கிழித்து, ‘சைட் விற்பனைக்கு’ என்று போர்டு வைத்தார்கள். நடுவில் விட்ட வழிக்குத் தெரு என்று பெயர். அந்தத் தெரு யாருக்குச் சொந்தம்? மனை விற்றவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கியவர் தன் வீட்டுக்கு மட்டும்தான் பட்டா வாங்கினார். மாநகராட்சியோ, ‘எங்களுக்கு எழுதிக் கொடுக்காத தெருவில் நாங்கள் எப்படிச் செலவு செய்வது?’ என்கிறது.

இது இன்று நேற்றுத் தகராறில்லை. 1920-ம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே ‘தனியார் தெரு’ என்று ஒரு இனம் உண்டு. தெருவை நிரவி, கல் பாவி, சாக்கடை கட்டுவது இருபுறத்துச் சொந்தக்காரர்கள் பொறுப்பு. ஒழுங்காகச் செய்து முடித்தால், பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதன் பேரில் அது பொதுத் தெருவாகும். அந்தச் சட்டம் போய், 2023 ஏப்ரலிலிருந்து தமிழகம் முழுக்கப் புதிய நகர்ப்புறச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தெருக்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன!

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டதும்தான் பலருக்கு விழிப்பு வந்தது. 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. அதில் ஒரு சங்கதி: மனைப்பிரிவை வரன்முறைப்படுத்த வேண்டுமானால், தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

‘‘அதைச் செஞ்சிரலாம் மாப்ளே’’ என்றார் மச்சான். அதற்கு முன்னால் வரை சங்கம், கூட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிறவர் அவர்.

*

திருப்பூரில் கூட்டம் போடச் சரியான நாள் ஞாயிற்றுக்கிழமைதான். சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு முதலாளி, தொழிலாளி இருவருமே கொஞ்சம் நிம்மதியாக இருப்பார்கள். அந்தக் கட்டிங் டேபிளைச் சுற்றியே நாற்காலி போட்டார்கள். படித்தவன் என்று எண்ணி மினிட்ஸ் எழுத என்னை உட்கார்த்தி வைத்தார்கள்.

ரோடு நல்லா வேணும் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ராம்ப்பை எடுக்கணும் என்றதும்தான் தெரு இரண்டாகப் பிளந்தது.

‘‘ராம்ப்பு இல்லாம வண்டிய எப்படீங்க ஏத்தறது? தலையில தூக்கிட்டா?’’

‘‘மொதல்ல மூணாம் நம்பர் வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லுங்க!’’

‘‘அவரு எடுத்தா நான் எடுக்கறேன்!’’

இப்படியே முக்கால் மணி நேரம். சூடாக டீ வந்தது, ஆறியது. அப்போதுதான் மச்சான் எழுந்தார். ‘‘என்ற வீட்டு ராம்ப்புலதானுங்க எங்கம்மா உழுந்துது. நாளைக்குக் காலைல மொதல்ல அதை ஒடைக்கப் போறேன். மத்தவிய உங்க இஷ்டம்’’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

கவனித்தால், ராம்ப்பு ஏன் அத்தனை உயரம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுசு போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகும். பயந்துபோய், புது வீடு கட்டுகிறவர் வாசலை நாலடி தூக்குவார். அப்புறம் வண்டி ஏற மலைப்பாதை மாதிரி ராம்ப்பு! பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். அதைப் படித்துக் காட்டியதும், ‘‘அப்ப ரோட்டை எறக்கினா ராம்ப்பும் எறங்கீருமுங்க’’ என்றார் ஒரு டெய்லர். மினிட்ஸில் எழுதத் தகுந்த முதல் வாக்கியம் அது!

தானப் பத்திரத்துக்கு அலைந்தது ஒரு பெரிய புராணம். மனை போட்ட பெரியவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் மூன்று பேர், மூன்று ஊரில். இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. மூவரையும் ஒரே நாளில் பத்திர ஆபீஸில் உட்கார வைக்க பத்து மாசம் பிடித்தது.

நடுவே, 2025 மே மாதம், அக்கா மகள் ஒரு பேப்பர் கட்டிங்கோடு வந்தாள். நடைபாதையில் பத்திரமாக நடப்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். அந்த வழக்கைப் போட்டவர் யார் தெரியுமா? நம் பக்கத்து கோயம்புத்தூர்க்காரர், எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன்! 2012-லேயே போட்ட வழக்கு. முறிந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவருக்குத்தானே தெரியும், வைத்தியம் ரோட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்று!

தெரு மாநகராட்சியின் கைக்குப் போனதும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மனு. 1997-ல் வந்து, 2021-ல் நகரங்களுக்குத் திரும்பி வந்த திட்டம். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். வீட்டுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி விலை வந்தது. கம்பெனி வைத்திருப்பவர்கள் இரண்டு பங்கு. நான் எழுதிய கணக்கிலேயே ஒழுங்காக டேலி ஆனது இது ஒன்றுதான்!

வேலைக்கு நாள் குறித்ததில்தான் திருப்பூர்க்காரர்களின் மூளை தெரிந்தது. பொங்கல் லீவு! அந்த ஒரு வாரம் கம்பெனிகள் மூடி, பாதி ஊர் சொந்த ஊருக்குப் போயிருக்கும். குட்டி யானைக்குக்கூட ஓய்வு.

தார் வேண்டாம், பேவர் பிளாக் என்று முடிவானது. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் நாளைக்கு யாராவது தோண்டினால் கல்லைப் பெயர்த்து வைத்துவிட்டு மறுபடி பதிக்கலாமே! அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நடக்க மட்டுமென்றால் அறுபது மில்லிமீட்டர் கனம் போதும். துணி லோடு வண்டி போகிற தெருவுக்கு எண்பது வேண்டும். கீழே ஜல்லியை நன்றாக இடித்து, மேலே மணல் பரப்பி, இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் கட்டை கட்ட வேண்டும். ஓரக்கட்டை இல்லாத பேவர், கரையில்லாத வேட்டி மாதிரி. நாலே மாசத்தில் பிரிந்துவிடும்!

ஒரு பக்கம் நாலடிக்கு மட்டும் சிவப்புக் கல். அது நடப்பவர்களுக்கு. அங்கே செருப்பைக்கூட நிறுத்தக்கூடாது. எதிர்ப்பக்கம் மட்டும் கார். லோடு இறக்க முற்பகலில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஸ்கூல் வேன் நேரத்தில் கூடாது. தெருவில் காலியாகக் கிடந்த ஒரு சைட்டை மாச வாடகைக்கு எடுத்து, இரண்டாவது கார்களை அங்கே அனுப்பினார்கள்.

வேகத்தடையையும் மாற்றினோம். முன்பு இருந்தது இட்லி மாதிரி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவோ பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அதாவது ஊத்தப்பம்! வண்டி துள்ளாது, ஆனால் வேகம் குறையும். நாற்பதில் வரும் வண்டி இருபதில் வந்தால், மோதும் சக்தி பாதியல்ல, நாலில் ஒரு பங்காகிவிடும். ஒன்பதாம் வகுப்பு ஃபிசிக்ஸ்!

நெதர்லாந்தில் இந்த மாதிரித் தெருக்களுக்கு 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. தெரு குடியிருப்பவர்களுக்குச் சொந்தம், வண்டி வெறும் விருந்தாளி. நடக்கிற வேகத்தில்தான் வரணும். ஐரோப்பாக்காரனுக்கு டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறோம். பதிலுக்கு இந்த ஒரு ஐடியாவை இறக்குமதி செய்தால் தப்பில்லையே?

*

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். கடைசி வீட்டுக்காரர் இன்னும் ராம்ப்பை எடுக்கவில்லை. வாஸ்து சரியில்லையாம். சிவப்புக் கல்லில் யாரோ அடிக்கடி பைக்கை நிறுத்துகிறார்கள். கேட்டால், ‘‘ரெண்டே நிமிசமுங்க’’ என்று பதில். திருப்பூரில் இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று எந்தப் பயரையும் கேட்டுப் பாருங்கள்!

ஆனால், போன சித்திரையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஏழரை. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கல்லில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மறுபடி ஒரு பைக். அதைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் துணி ரோல் ஏற்றிய குட்டி யானை வந்து நின்றது.

எனக்குப் பக்கென்றது. ஹாரன் வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. டிரைவர் இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை மெதுவாக, ரொம்ப மெதுவாக, நடந்து மறுபடி சிவப்புக் கல்லில் ஏறினார். திரும்பிப் பார்த்து, ‘‘போ சாமி’’ என்றார். வண்டி கிளம்பியது.

ஊருக்குத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் எதிர்வீட்டு மாமி கையை நீட்டினார்: ‘‘எண்பத்தஞ்சு கொண்டு வந்தியா?’’

அடடா... இந்தத் தடவையும் மறந்துவிட்டேன்!